வெஸ்ட் ஸ்ட்ரீட்டைக் கடந்தது யார்?

1928 ஜூன் 11. ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்த இருபது வயது இளைஞர் ஒருவரைப் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பெயர் மாரிஸ் ஃபிராங்க். இரண்டு கண்ணும் தெரியாது. இடது கையில் வளைந்த கைப்பிடி ஒன்று. அதன் மறுமுனையில் ஜெர்மன் ஷெப்பர்ட் இனப் பெண் நாய். இந்த நாயோடு இனி எங்கு வேண்டுமானாலும் தனியாகப் போவேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பத் தயாராக இல்லை. ‘அப்படியானால் வெஸ்ட் ஸ்ட்ரீட்டைக் கடந்து காட்டுங்கள், பார்ப்போம்’ என்றார் ஒருவர்.

ஹட்சன் ஆற்றோரம் கப்பல் துறைகளை ஒட்டி ஓடும் அகலமான தெரு அது. சரக்கு லாரிகளும் டாக்ஸிகளும் கலந்து கட்டி ஓடும். கண் தெரிந்தவர்களே கொஞ்சம் யோசித்துத்தான் கால் வைப்பார்கள். ஃபிராங்க் சரி என்றார்.

நான்கு எட்டு வைத்ததும் நாய் நின்றது. காதைப் பிளக்கும் இரைச்சலோடு சூடான காற்று முகத்தில் அடித்தது. மிகப் பெரிய லாரி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் போகிறது என்று ஃபிராங்க் புரிந்துகொண்டார். நாய் மறுபடி நகர்ந்தது, நின்றது, பின்வாங்கியது, மீண்டும் நடந்தது. ஒரு கட்டத்தில் திசையே மறந்துபோய் நாயிடம் தன்னை முழுசாக ஒப்படைத்துவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். மூன்று நிமிடம். எதிர்ப்புறத்தை அடைந்து நாயைக் கட்டிக்கொண்டார். கூட வந்த பத்திரிகையாளர் ஒருவருக்கு அந்தத் தெருவைக் கடக்க டாக்ஸி தேவைப்பட்டதாம்.

சுவிட்சர்லாந்துக்கு ஒரு தந்தி போனது. அதில் ஒரே ஒரு சொல்தான்: ‘வெற்றி’.

அமெரிக்காவில் இன்று நடக்கும் வழிகாட்டி நாய்ப் பள்ளிகளின் கதையெல்லாம் இந்த மூன்று நிமிடத்தில்தான் தொடங்குகிறது. ‘புத்திசாலி நாய் கண் தெரியாதவரைக் கூட்டிக்கொண்டு போனது’ என்று இந்தக் கதையைச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘வழிகாட்டி நாய்’ என்ற நம் சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. அந்த நாய் வழி காட்டுவதில்லை. வழி மனிதனுடையது. அப்படியானால் நாயின் வேலை என்ன, மனிதனின் வேலை என்ன? இந்த ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு அதைப் பார்க்கலாம்.

ஒரு கடிதம்

ஃபிராங்க் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்துக்காரர். ஆறு வயதில் குதிரைமேல் போகும்போது மரக்கிளை ஒன்று அடித்து ஒரு கண் போனது. பதினாறு வயதில் குத்துச்சண்டையில் மற்றது. அவருடைய அம்மாவுக்கும் பார்வை கிடையாது. கல்லூரியில் படித்துக்கொண்டே காப்பீட்டு பாலிசி விற்றார். அதற்கு ஊரெல்லாம் அலைய வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிப்போகச் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்திருந்தார். ஆள் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு.

1927 நவம்பர் 5ஆம் தேதியிட்ட ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் டோரத்தி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். சுவிட்சர்லாந்தில் வெவே நகருக்கு மேலே உள்ள மலையில் ‘ஃபார்ச்சுனேட் ஃபீல்ட்ஸ்’ என்ற பண்ணையில் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துக் காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் பழக்கிக்கொண்டிருந்தவர் அவர். ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில், போரில் கண்ணிழந்தவர்களுக்காக நாய்களைப் பழக்கும் பள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து அதைப் பற்றி எழுதினார். கட்டுரையின் தலைப்பு பைபிளின் நீதிமொழிகளிலிருந்து எடுத்தது. தமிழ் பைபிளில் அது ‘காண்கிற கண்’ என்று வரும்.

நாஷ்வில்லில் அப்பா அந்தக் கட்டுரையை மகனுக்கு வாசித்துக் காட்டினார். சில நாட்களில் கடிதம் போய்விட்டது. நீங்கள் எழுதியது உண்மைதானா, உண்மையென்றால் எனக்கு அப்படி ஒரு நாய் வேண்டும் என்பது அதன் சாரம். அதோடு நிற்கவில்லை. எனக்குப் பயிற்சி கொடுங்கள், நாயோடு திரும்பி வந்து என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கும் இது கிடைக்க வழி செய்கிறேன் என்று ஒரு பேரத்தையும் வைத்தார். காப்பீடு விற்றுப் பழகிய கை அல்லவா!

சங்கடம் என்னவென்றால், யூஸ்டிஸ் அம்மையாரின் பண்ணையில் அதுவரை பார்வையற்றவருக்காக ஒரு நாயைக்கூடப் பழக்கியதில்லை. கட்டுரை எழுதியவரிடம் சரக்கு இல்லை.

இந்த யோசனை அவருடையதும் அல்ல. 1788இல் வியன்னாவில் ஜோசஃப் ரீசிங்கர் என்ற பார்வையற்றவர் தன் ஸ்பிட்ஸ் நாயை எவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார் என்றால், அவருக்கு உண்மையிலேயே கண் தெரியாதா என்று ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டார்களாம். அதே ஊரில் பார்வையற்றோர் பள்ளி நடத்திய யோஹான் வில்ஹெல்ம் கிளைன் 1819இல் எழுதிய நூலில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நாயைக் கயிற்றால் கட்டாதே, கழுத்துப்பட்டையில் ஒரு கோலைப் பொருத்திப் பிடி என்றார். நூறு வருடம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முதல் உலகப்போர் வந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கண்ணிழந்து வீடு திரும்பிய பிறகுதான், 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் டாக்டர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் முதல் பள்ளியைத் திறந்தார். போட்ஸ்டாம் பள்ளி 1923இல் வந்தது.

கைப்பிடிக்குள் இருக்கும் பேச்சு

கிளைன் சொன்ன அந்தக் கோல்தான் இந்த முறைக்கே உயிர். கயிறு என்றால் நாய் இழுக்கும்போது மட்டும்தான் கைக்குச் செய்தி வரும். தொய்ந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. நாயின் நெஞ்சையும் முதுகையும் சுற்றிய வார்ப்பட்டையோடு இணைந்த விறைப்பான கைப்பிடி அப்படியல்ல. நாயின் தோள் அரை அங்குலம் இடப்பக்கம் திரும்பினால் கை அதை உணரும். வேகம் குறைவது, தயங்குவது, படியில் முன்னங்கால் ஏறுவது எல்லாம் கைப்பிடி வழியாக வந்துவிடும். நாய் எப்போதும் இடப்பக்கம், ஓரடி முன்னால், லேசாக இழுத்தபடி நடக்கும். பின்னால் வருபவர் அந்த இழுப்பைத் தொடர்ந்து நடக்கிறார்.

யூஸ்டிஸின் தலைமைப் பயிற்சியாளர் ஜாக் ஹம்ஃப்ரி. ஜெர்மன் முறையைக் கற்றுக்கொண்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு தானே நாய்களின் பின்னால் நடந்து பார்த்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். இவருக்கு அது அன்றாட வேலை. இந்தத் தொழிலில் சேரும் பயிற்சியாளர்கள் இன்றும் சில நாட்களாவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாழ்ந்து பார்க்கிறார்கள்.

நாய்க்கு எதைக் கற்றுத் தருவது? தன் உடம்பு இடிக்காமல் போவது எந்த நாய்க்கும் பிறவியிலேயே தெரியும். தனக்கு வலப்பக்கம் இன்னொரு உடம்பு இருக்கிறது, அது அகலமானது, உயரமானது, தன்னைப் போலக் குனிந்து நுழையாது என்பதைத்தான் அது கற்க வேண்டும். இதைவிடக் கடினமான பாடம் கிடையாது.

தாழ்ந்து தொங்கும் மரக்கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு அது ஒரு பொருட்டே இல்லை, அடியில் ஜாலியாகப் போய்விடும். பயிற்சியாளர் வேண்டுமென்றே கிளையில் இடித்துக்கொள்கிறார். அப்படியே நின்று, கிளையைக் கையால் தட்டிச் சத்தம் எழுப்பி நாயின் கவனத்தை மேலே திருப்புகிறார். பிறகு நாலு எட்டு பின்னால் போய் மறுபடி அதே இடத்துக்கு வருகிறார். மறுபடி இடித்தால் மறுபடி பின்னால். எத்தனையாவது முறையோ, நாய் கிளை வருவதற்கு முன்பே லேசாக ஒதுங்கிச் சுற்றிப் போகும். அந்த நொடியில் பாராட்டைக் கொட்டுகிறார். ஃபிராங்கின் முதல் கண்ணைப் பறித்ததும் இப்படி ஒரு கிளைதான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தப் பாடத்தின் எடை புரியும்.

நடைபாதை விளிம்பு வந்தால் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும், விதிவிலக்கே இல்லாமல். நாய் நின்றதும் மனிதர் காலால் துழாவி விளிம்பைக் கண்டுபிடிக்கிறார். தெரு வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. அவர் மனதில் வைத்திருக்கும் வரைபடத்தில் ஒரு கட்டம் நகர்கிறது.

அப்புறம் கடைசிப் பாடம், சொன்னதைக் கேட்காமல் இருப்பது. ஆங்கிலத்தில் ‘இன்டெலிஜென்ட் டிஸ்ஒபீடியன்ஸ்’ என்கிறார்கள். விவரம் தெரிந்து மறுப்பது என்று சொல்லலாம். மாதக்கணக்கில் ‘போ’ என்றால் போகவும் ‘நில்’ என்றால் நிற்கவும் பழக்கிய நாயிடம், இனிமேல் ‘போ’ என்று சொன்னாலும் சமயத்தில் போகக்கூடாது என்று கற்றுத்தர வேண்டும். இதற்கெனச் சக ஊழியர் ஒருவர் காரோடு தயாராக இருப்பார். பயிற்சியாளர் ‘போ’ என்பார், கார் குறுக்கே வரும், நாய் நின்றாக வேண்டும். கார் நெருங்கினால் பின்வாங்க வேண்டும், மனிதரையும் இழுத்துக்கொண்டு. எப்போதும் கீழ்ப்படிகிற நாயும் இதற்கு லாயக்கில்லை, தோன்றியபோது மீறுகிற நாயும் லாயக்கில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நாயைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் பள்ளிகளின் காசும் காலமும் கரைகின்றன.

முடிவெட்டக் கூட்டிப்போக ஆள் வேண்டும்

1928 வசந்தத்தில் ஃபிராங்க் கப்பலேறினார். தனியாக வரும் பார்வையற்றவரை எப்படி அனுப்புவது? அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பொறுப்பில், ஏறக்குறைய ஒரு பார்சலைப் போல அனுப்பி வைத்தார்கள். கப்பலில் ஓர் ஆள் அவரை வெளியே கூட்டிப்போவான், மறுபடி கொண்டுவந்து அறையில் விடுவான். வரும்போது பார்சல், போகும்போது மனிதன் என்ற இந்த ஒரு வித்தியாசமே இந்த ஆய்வுக்குப் போதும் என்றுகூடத் தோன்றுகிறது.

அவருக்குக் கொடுத்த நாயின் பெயர் கிஸ். நடுத்தெருவில் நின்று ‘கிஸ், கிஸ்’ என்று எப்படிக் கூப்பிடுவது? கூச்சப்பட்டு ‘பட்டி’ என்று மாற்றிவிட்டார். ஆங்கிலத்தில் கூட்டாளி என்று பொருள். தமிழில் எழுதும்போது இப்படி வந்து விழுகிறது. மலையாளத்தில் பட்டி என்றாலே நாய்தான் என்பது ஃபிராங்குக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பட்டிக்கு எல்லாம் தெரியும். ஃபிராங்குக்குத்தான் ஒன்றும் தெரியாது. சில வாரங்கள் வெவே நகரத்துத் தெருக்களில் அவருக்குப் பாடம் நடந்தது. நாயை நம்பிக் காலை முழுதாக எடுத்து வைப்பதே முதல் தடை. வருடக்கணக்கில் கையை நீட்டித் துழாவித் தயங்கி நடந்த உடம்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது. நாய் ஒதுங்கும்போது ஒதுங்காமல் நேரே போனால் கம்பத்தில் முட்ட வேண்டியதுதான். ஹம்ஃப்ரி பின்னாலேயே வருவார். முட்டப்போவது தெரிந்தாலும் தடுக்க மாட்டார். ஒருமுறை முட்டியவருக்குக் கைப்பிடி சொல்வதைக் கவனிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

பயிற்சியின் நடுவே ஒருநாள் முடிவெட்ட வேண்டியிருந்தது. கடைக்குக் கூட்டிப்போக ஆள் கேட்டார் ஃபிராங்க். கூட்டிப்போக யாரும் வரவில்லை, உன்னிடம்தான் நாய் இருக்கிறதே என்றார்கள். கோபத்தோடு கிளம்பினார். கடையைக் கண்டுபிடித்தார், முடி வெட்டிக்கொண்டார், திரும்பி வந்தார். வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லையாம். ஊரில் அப்பா வேலைக்குப் போகிற வழியில் அவரை முடிதிருத்தும் கடையில் விட்டுவிட்டுப் போவார். முடி வெட்டி முடிந்தாலும், அப்பாவுக்கு நேரம் கிடைத்துக் கூப்பிட வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கடைக்காரர்கள் அவரை யாரோ விட்டுப்போன பையைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். இப்போது வேலை முடிந்ததும் எழுந்து வந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

என்னைக் கேட்டால் வெஸ்ட் ஸ்ட்ரீட்டைவிட இந்த முடிவெட்டுதான் பெரிய சம்பவம். அதைப் பார்க்கத்தான் பத்திரிகைக்காரர்கள் இல்லை.

மறுபடி அந்தத் தெருவுக்கு

இப்போது அந்த மூன்று நிமிடத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

கடக்க வேண்டும் என்று முடிவெடுத்தது ஃபிராங்க். ‘ஃபார்வர்ட்’ என்று சொன்னதும் அவர். எதிர்ப்புறம் என்ன இருக்கிறது, எதற்குப் போகிறோம் என்பதெல்லாம் பட்டிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நான்கு எட்டில் நின்றது பட்டியின் முடிவு. பின்வாங்கியதும் அதுதான். நின்றபோது கூடவே நின்றதும், ‘ஏன் நிற்கிறாய், போ’ என்று உந்தித் தள்ளாததும் ஃபிராங்கின் பங்கு. சாதாரணமாகத் தெரியும் இந்தக் கடைசி விஷயம்தான் வாரக்கணக்கில் வெவேயில் அவர் கற்றது. லாரி உரசிப்போகும்போது ஓடத் தோன்றுவது உடம்பின் இயல்பு. ஓடியிருந்தால் இரண்டு பேரும் செத்திருப்பார்கள்.

பலர் நினைப்பதுபோல நாய் சிக்னல் விளக்கைப் பார்த்துச் சாலையைக் கடப்பதில்லை. நாய்க்கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. எப்போது கடக்கலாம் என்பதைப் பார்வையற்றவர்தான் காதால் தீர்மானிக்கிறார். தனக்கு இணையான திசையில் வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டால் தனக்கும் வழி திறந்துவிட்டது என்று பொருள். உத்தரவு கொடுக்கிறார். அவர் காது தவறவிட்ட ஒரு வண்டி வந்தால் அதைப் பிடிப்பதுதான் நாயின் பொறுப்பு. அதனால்தான் சத்தமே இல்லாமல் வரும் மின்சாரக் கார்கள் வந்தபிறகு பள்ளிகளுக்குப் புதுத் தலைவலி. அப்படிப்பட்ட வண்டிகளையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆக, ஊர் தெரியாதவர் கையில் நாயைக் கொடுத்தால் ஊர் தெரியாத நாயும் மனிதனும் சேர்ந்து தொலைந்து போவார்கள். பள்ளிகள் இதில் கறாராக இருக்கின்றன. வெள்ளைக் கோலோடு தனியாக நடந்து போய்வரத் தெரிந்த பிறகு வாருங்கள் என்கின்றன. நாய் வந்தால் வெளியே போகத் தொடங்குவேன் என்பவரை, முதலில் வெளியே போகத் தொடங்குங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். கொஞ்சம் கொடுமையாகத் தெரிந்தாலும் வேறு வழியில்லை.

குட்டிகள் வீட்டில் வளரும் கதை

ஃபிராங்க் தன் பேரத்தைக் காப்பாற்றினார். 1929 ஜனவரி 29 அன்று நாஷ்வில்லில் யூஸ்டிஸ் கட்டுரையின் தலைப்பான ‘தி சீயிங் ஐ’ என்ற பெயரிலேயே பள்ளி பதிவானது. அடுத்த மாதம் நடந்த முதல் வகுப்பில் இரண்டே மாணவர்கள். 1931இல் நியூஜெர்சிக்கு மாறியது. இன்று அது மோரிஸ்டவுன் பக்கத்தில் இருக்கிறது.

தொடக்ககாலப் பள்ளிகளுக்கு இருந்த சிக்கல், வளர்ந்த நாய்களை வாங்கிப் பழக்குவது. நாய் எப்படிப்பட்டது என்று தெரியும்போது பாதிப் பணம் செலவாகியிருக்கும். லாரிச் சத்தத்துக்கு நடுங்குவது, பூனையைப் பார்த்தால் எல்லாம் மறந்து பாய்வது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். 1942இல் சீயிங் ஐ ஒரு வழி கண்டுபிடித்தது. நியூஜெர்சியின் 4-எச் என்ற கிராமப்புற இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளின் வீடுகளில் குட்டிகளை விட்டு வளர்த்தார்கள். பிறகு கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் பள்ளியில் கிளாரன்ஸ் ஃபாஃபென்பெர்கர் பல வருடம் குட்டிகளைச் சோதித்துக் குறித்து வைத்ததில் இன்னொன்று தெளிவானது. நன்றாகத் தேறிய குட்டியாக இருந்தாலும், நாய்க்கூண்டில் கூடுதலாகச் சில வாரங்கள் தங்கிவிட்டால், பின்னாளில் பொறுப்பான வேலையில் சறுக்குகிறது. குறிப்பிட்ட வயதுக்குள் மனிதர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பிந்தினால் பிந்தியதுதான்.

இன்று லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், இரண்டின் கலப்பு, ஜெர்மன் ஷெப்பர்ட் என்று பள்ளிகளே இனப்பெருக்கம் செய்கின்றன. ஏழெட்டு வார வயதில் குட்டி ஒரு தன்னார்வலர் வீட்டுக்குப் போகிறது. ஒரு வயது தாண்டும்வரை அங்கே வளர்கிறது. வழி நடத்தும் வித்தை எதையும் அங்கே சொல்லித்தர மாட்டார்கள். அந்த வீட்டின் வேலை உலகத்தைக் காட்டுவது. கடைவீதி, பேருந்து, லிஃப்ட், பள்ளிக்கூட மணி, குக்கர் விசில், மழை, குழந்தைகள். சாப்பாட்டு மேசைக்கடியில் இட்லித் துண்டு விழுந்தாலும் மோந்து பார்க்காமல் படுத்திருக்க வேண்டும். (அங்கே இட்லி விழாது, ரொட்டிதான் விழும்.)

அதைவிட முக்கியமான ஒன்று, சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், வாரோடு நின்று மலஜலம் கழிப்பது. சிரிக்காதீர்கள். பார்வையற்றவர் அதை எப்படி அள்ளுவார் என்று யோசித்ததுண்டா? நாய் தன்னைச் சுற்றி நடக்கும்போது அவர் அதன் முதுகில் லேசாகக் கை வைத்திருப்பார். முதுகு நேராக இருந்தால் சிறுநீர். வில்லாக வளைந்தால் மற்றது. வளைந்த முதுகிலிருந்து வால்வரை கையை ஓட்டி இடத்தைக் குறித்துக்கொள்வார். பிளாஸ்டிக் பையைக் கையுறை மாதிரி மாட்டி அள்ளிவிடுவார். இதுவும் வகுப்பில் சொல்லித்தரப்படும் பாடம்தான்.

ஒரு வயது தாண்டியதும் குட்டி பள்ளிக்குத் திரும்புகிறது. வளர்த்தவர்களுக்கு அந்த நாள் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை. நான்கு மாதம் போலப் பயிற்சி. முன்பெல்லாம் வாரைச் சுண்டித் திருத்துவதும் வாயாரப் பாராட்டுவதும்தான் முறை. கடந்த இருபது வருடத்தில் பல பள்ளிகள் தின்பண்டத்தையும் சேர்த்துக்கொண்டன. சரியாகச் செய்த நொடியில் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம், ஒரு துணுக்குத் தீனி. பழைய ஆட்கள் முதலில் முகம் சுளித்தார்கள். தீனி காட்டிப் பழக்கினால் தெருவில் கிடப்பதை எல்லாம் தின்னும் என்று பயம். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

எல்லாக் குட்டியும் தேறாது. தேறாததைத் தோற்ற நாய் என்று சொல்ல மாட்டார்கள், ‘வேலை மாறிய நாய்’ என்பார்கள். சில மோப்ப வேலைக்குப் போகும், சில வளர்த்த வீட்டுக்கே திரும்பிவிடும். தேறிய நாயின் பயிற்சி முடியும் தறுவாயில் சீயிங் ஐ பள்ளி வளர்த்த குடும்பத்தைக் கூப்பிடும். நாய்க்குத் தெரியாமல் சற்றுத் தள்ளிப் பின்னாலேயே நடந்து, அது மோரிஸ்டவுன் தெருவில் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுப் போகலாம். கூப்பிடக்கூடாது.

ஜூனோ என்கிற மனிதன்

ஜோடி சேர்ப்பது பாதிக் கல்யாணத் தரகு. வேகமாக நடப்பவருக்கு நிதானமான நாயைக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் எரிச்சல். மெலிந்த முதியவருக்கு இழுத்தடிக்கும் நாயைக் கொடுத்தால் தோள்பட்டை போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான சோதனை இருக்கிறது. பயிற்சியாளர் வார்ப்பட்டையின் முன்பக்கத்தைத் தானே பிடித்துக்கொள்வார். மாணவர் கைப்பிடியைப் பிடிப்பார். மனிதனே நாயாக இழுத்துக்கொண்டு போவார். அந்த நாய்க்கு ‘ஜூனோ’ என்று பெயர். ‘ஜூனோ, ஃபார்வர்ட்’ என்பார் மாணவர். ஜூனோ வேண்டுமென்றே தப்புச் செய்வார், அணிலைப் பார்த்ததுபோல இழுப்பார். மாணவர் குரல் எப்படி மாறுகிறது, கை எவ்வளவு தாங்குகிறது, கோபம் வருகிறதா, திரும்பப் பாராட்டத் தெரிகிறதா எல்லாம் ஜூனோ கவனிப்பார். வளர்ந்த மனிதர் ஒருவரை நடுத்தெருவில் ‘நல்ல பொண்ணு’ என்று கொஞ்சுவதைப் பார்த்து மோரிஸ்டவுன்காரர்கள் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முதல்முறை வருகிற மாணவர் மூன்று நான்கு வாரம் பள்ளியிலேயே தங்க வேண்டும். ஒரு நாயைத் தயார் செய்ய இன்று பல்லாயிரம் டாலர் ஆகிறது. மாணவரிடம் வாங்குவது 150 டாலர். 1934இல் வைத்த தொகை, இன்றுவரை மாறவில்லை. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு ஒரு டாலர். இலவசமாகவே கொடுத்திருக்கலாம். காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் அது தன்னுடைய நாய் என்பது பள்ளியின் பிடிவாதம். ஃபிராங்க் காப்பீடு விற்றவர் என்பதை மறக்கக்கூடாது.

நாய் தயாராகிவிட்டால் ஊரும் தயாராக இருக்க வேண்டுமே. ரயிலில் நாயைச் சரக்குப் பெட்டியில் ஏற்று என்றார்கள். விடுதிகள் கதவைச் சாத்தின. ஃபிராங்க் வருடக்கணக்கில் ஊர் ஊராகப் போய் வாதாடினார், பட்டியையே சாட்சியாக நிறுத்தி. 1935 வாக்கில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. 1956க்குள் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. வெஸ்ட் ஸ்ட்ரீட்டைக் கடக்க மூன்று நிமிடம் ஆனது, விடுதி வாசலைக் கடக்க இருபத்தெட்டு வருடம்.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம். பல வருடத்துக்கு முன்பு பேருந்து நிறுத்தம் ஒன்றில் வெள்ளைக் கோலோடு நின்ற ஒருவரை, ஒரு வார்த்தை கேட்காமல், கையைப் பிடித்துத் தரதரவென்று எதிர்ப்புறம் கொண்டுபோய் விட்டேன். புண்ணியம் செய்த திருப்தியோடு நின்ற என்னிடம் ‘தம்பி, நான் அந்தப் பக்கம்தான் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தேன்’ என்றார். மறுபடி கூட்டிக்கொண்டு வந்து விட்டேன். இந்த முறை அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், நான் முன்னால் நடந்தேன். வழி அவருடையது என்ற பாடம் அன்று எனக்குக் கிடைத்தது. நாயோடு வருபவரிடமும் இதே கதைதான். வார்ப்பட்டையைத் தொடக்கூடாது, நாயைத் தடவிக்கொடுக்கக்கூடாது, உதவி வேண்டுமா என்று மனிதரைக் கேட்க வேண்டும்.

பட்டி 1938 மே மாதம் இறந்தது. ஃபிராங்க் அடுத்த நாயை எடுத்துக்கொண்டார். அதற்கும் பட்டி என்றே பெயர் வைத்தார், அதற்குப் பின் வந்தவற்றுக்கும். பெயர் ஒன்றானாலும் நடை ஒன்றல்ல, இழுப்பு ஒன்றல்ல. முதல் நாயோடு பத்து வருடம் உலகம் சுற்றியவரானாலும் புது நாயோடு மறுபடி கைப்பிடியைப் பிடித்து முதலிலிருந்து தொடங்கத்தான் வேண்டும். இன்றும் இரண்டாவது, மூன்றாவது நாய்க்காகப் பள்ளிக்கு வருபவர்கள் வகுப்பில் உட்காருகிறார்கள். நாட்கள் மட்டும் கொஞ்சம் குறைவு. முதல் சில நாள் பழைய நாயின் பெயர்தான் வாயில் வரும் என்பார்கள். ஃபிராங்குக்கு அந்தத் தொல்லை இருந்திருக்காது.